வியாழக்கிழமைத் தங்கப்பெட்டி

ஷூப்ராவில் அந்த வருஷம் எல்லோருக்கும் திடீரென்று காது முளைத்தது.

அதற்கு முன்பும் இருந்ததுதான். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொள்ள, சிகரெட்டைச் செருகிக்கொள்ள, மனைவி சொல்வதை ஒன்றில் வாங்கி மற்றொன்றில் விட என்று பல வேலைக்கும் பயன்பட்டது. ஆனால் அதெல்லாம் காதே இல்லையாம். பாஷ்முஹந்திஸ் ஷஹீர் தப்பூஸ் வந்து சொன்ன பிறகுதான் கெய்ரோவின் அந்தப் பேட்டைக்கே விஷயம் தெரிந்தது.

பாஷ்முஹந்திஸ் என்றால் பெரிய இன்ஜினீயர். எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் ஸ்க்ரூடிரைவர் பிடித்த கை எல்லாம் பாஷ்முஹந்திஸ் கைதான். டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த மனிதர் ஒருநாள் பழைய போர்டைக் கழற்றிவிட்டு, ‘ஒலி மருத்துவமனை’ என்று புதுப் போர்டு மாட்டினார். உள்ளே சாம்பிராணி. வாசலில் நீலமணி. ஜன்னலில், வெல்வெட் துணிமேல், தங்க நிறத்தில் ஒரு பெட்டி.

இணையத்திலிருந்து சினிமா, தொடர், பாட்டு எல்லாவற்றையும் இழுத்து டிவிக்குக் கொடுக்கிற சின்னக் கறுப்புப் பெட்டி எல்லார் வீட்டிலும் உண்டு. உள்ளங்கையில் அடங்கும். சோப்புக்கட்டி எடைதான் இருக்கும். ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, பாவம். ஷஹீர் அதைக் கொலைகாரன் ஆக்கிவிட்டார்.

“உங்க வீட்டுக் கறுப்புப் பெட்டி தினமும் ஒரு பாட்டைக் கொல்லுது. உங்களுக்குத் தெரியல. ஏன்னா செத்த பாட்டைக் கேட்டுக் கேட்டே பழகிட்டீங்க” என்பார். தங்கப்பெட்டியை மாற்றிப் போட்டால் அதே டிவியில், அதே பாட்டு, உயிரோடு எழுந்து வருமாம். பெட்டியின் ஒயரில் ஒரு நீலமணி கோத்திருந்தார். கண்திருஷ்டி பட்டால் சத்தத்தின் அடிவயிறு சுருங்கிப்போகுமாம். வாங்கியவர்கள் ஏழு நாள் அதைத் துணி போட்டு மூடி, யாரிடமும் சொல்லாமல் ஓடவிட வேண்டும். அப்போதுதான் பெட்டிக்குக் காது திறக்கும். பெட்டிக்கு எதற்கு ஐயா காது என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை.

வியாழன்தோறும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் கடைக்குள் கூட்டம். நாற்காலி போதாமல் கசாப்புக்கடை மஹ்ரூஸ் தன் கடையிலிருந்து முக்காலிகளைக் கொண்டுவந்து போடுவார். பல் டாக்டர் லபீப் கிளினிக்கைச் சாத்திவிட்டு வந்துவிடுவார். அங்கே வாயைத் திறந்தபடி காத்திருந்தவர்கள் திறந்தபடியே வீட்டுக்குப் போனார்கள்.

ஷஹீரின் சாமர்த்தியம் பெட்டியில் இல்லை. எங்கள் ஆட்களின் வீக்னஸ் எது என்று பார்த்து வைத்திருந்தார், அதில்தான் இருந்தது. எங்களில் ஸம்மீஆ என்று ஒரு கூட்டம் உண்டு. பாட்டுக் கேட்கத் தெரிந்தவர்கள். பாடகி எந்த வளைவில் குரலை இழைக்கிறாளோ, சரியாக அந்த இடத்தில் கண்ணை மூடி “அல்லாஹ்!” என்று உருகத் தெரிந்தவர்கள். இடம் தப்பி உருகினால் ஆயுசுக்கும் மானம் போகும். ஷூப்ராக்காரனைத் திருடன் என்று சொல்லுங்கள், சிரிப்பான். காது இல்லாதவன் என்று சொல்லுங்கள், சட்டையைப் பிடிப்பான்.

அந்த ஸம்மீஆக்களில் முதல் நாற்காலி, உஸ்தாஸ், அதாவது ஆசான் என்று எல்லோரும் அழைக்கிற ஷவ்கிக்கு. நில வரி ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. அவர் “அல்லாஹ்” என்றால்தான் அந்தப் பாட்டுக்கே முத்திரை விழும் என்று ஒருகாலத்தில் பேர் வாங்கியவர்.

இரண்டு வருஷமாக அவருக்கு ஒரு சந்தேகம். நடிகர்கள் எல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். செய்தி வாசிப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். மனைவி அடுப்படியிலிருந்து பேசினால் பாதி வார்த்தை வழியிலேயே தொலைந்துபோகிறது. கெய்ரோவே சேர்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டது என்று முடிவு கட்டினார். வேறு காரணம் ஏதாவது இருக்குமோ என்று யோசிக்க அவருக்கு இஷ்டமில்லை. கச்சேரியில் மட்டும் ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொண்டார். கண்ணை முழுசாக மூடாமல் பக்கத்திலிருக்கும் மஹ்ரூஸின் தொண்டையைப் பார்ப்பார். அது ஏறி இறங்கினால் இவர் “அல்லாஹ்!” என்பார். அரை மூச்சுதான் பிந்தும், யாரும் கவனித்ததில்லை.

“முதல்ல கொலைகாரன்” என்று அந்த வியாழனும் ஷஹீர் ஆரம்பித்தார்.

கறுப்புப் பெட்டியில் பழைய கச்சேரி ஒன்று ஓடியது. மேலே விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஷட்டர் திறந்தே இருந்தது. வெளியே கேஸ் சிலிண்டர்காரன் ஸ்பானரால் சிலிண்டரைத் தட்டிக்கொண்டு போனான், பழைய சாமான் வாங்குகிறவன் தொண்டை கிழியக் கத்தினான், டுக்டுக் ஆட்டோக்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டன. பாடகி நடுவில் எங்கேயோ மூழ்கிக் கிடந்தாள்.

“கேட்டீங்களா பாஷாமார்களே? கழுத்தை நெரிக்குறான்!”

“ஐயோ, கேக்கவே முடியல” என்றார் டாக்டர் லபீப். “பல்லே கூசுது.”

“இப்ப தங்கம். தங்கத்துக்கு மரியாதை வேணும். அமைதி!”

விசிறி நின்றது. ஷட்டர் இறங்கியது. சாம்பிராணி எழுந்தது. ஷஹீர் ஒயரைப் பிடுங்கித் தங்கப்பெட்டியில் குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாவனையில் செருகினார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். அவர் கட்டைவிரல் ரிமோட்டில் எந்தப் பொத்தானை எத்தனை தடவை அமுக்கியது என்று பார்க்க ஒரு கண் மிச்சமில்லை.

பாடகி எழுந்து வந்தாள். விசிறியை நிறுத்தி, ஷட்டரை இறக்கி, சத்தத்தையும் கூட்டினால் பக்கத்துத் தெருப் பூனைகூட எழுந்து வரும். ஆனால் அந்த நேரத்தில் அதெல்லாம் யாருக்குத் தோன்றுகிறது?

ஷவ்கிக்கு உண்மையாகவே கேட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மஹ்ரூஸின் தொண்டையைப் பார்க்காமலே “அல்லாஹ்! யா ஸலாம்!” என்றார்.

ஷஹீர் ஓடிவந்து அவர் தோளைத் தொட்டார். “உஸ்தாஸ், இந்தக் காது எகிப்தோட சொத்து. இதுக்குப் போய் கறுப்புப் பெட்டியைக் குடுத்துச் சாகடிக்குறீங்களே, நியாயமா?”

எகிப்தின் சொத்து வீட்டுக்கு வந்தபோது, சவூதியின் தம்மாமிலிருந்து மகள் நக்லா வீடியோவில் அழைத்திருந்தாள். டிவித் திரையில் பேத்தி ரீதாஜின் முகம் பெரிதாகத் தெரிந்தது. நான்கு வயது. உதடு பிதுங்கியிருந்தது. ஏதோ சொன்னாள்.

“மாஷா அல்லாஹ்! ரொம்ப நல்லது கண்ணு!” என்றார் ஷவ்கி, முகமெல்லாம் சிரிப்பாக.

குழந்தை ஓவென்று அழுதாள். நக்லா திரையில் ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

“என்னாச்சு? நல்லதுன்னுதானே சொன்னேன்?”

அவர் மனைவி இன்ஸாஃப் எதிரே வந்து நின்று, முகத்துக்கு நேராகச் சொன்னாள். “அவளோட பூனை செத்துப்போச்சாம். அதைத்தான் சொன்னா.”

ஷவ்கி வெறும் திரையைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் டிவிக்குக் கீழே இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டிக் கத்தினார். “இதுதான்! இந்தக் கொலைகாரன்தான்! இன்னிக்கு ஷஹீர் கடையில ஒவ்வொரு எழுத்தும் கேட்டுச்சு இன்ஸாஃப். சத்தியமாக் கேட்டுச்சு. இதைத் தூக்கிப் போட்டுட்டுத் தங்கப்பெட்டி வாங்கணும். உன் வளையல் ரெண்டு இருக்குல்ல?”

“அது உங்க காது டாக்டருக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன். காதுல மாட்டுற மிஷின் வாங்க.”

“எனக்கா? மிஷினா? ஷூப்ராவுலயே ஒண்ணாம் நம்பர் காது இது!”

இன்ஸாஃப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சராக இருந்தவள். தலைமுறை தலைமுறையாகக் காப்பியடித்த பிள்ளைகளைப் பிடித்த கண் அது. குரலை உயர்த்தாமல் கேட்டாள். “நக்லாப்பா, சத்தம் எங்கேருந்து வருது? டிவிக்குள்ள இருக்குற ஸ்பீக்கர்லேருந்து. பெட்டிக்கு வாயே இல்லையே. தங்கமா இருந்தா என்ன, தகரமா இருந்தா என்ன, பேசறது அதே டிவி வாய்தானே?”

“உனக்கு ரசனை கிடையாது.”

“கிடையாதுதான். ஒண்ணு செய்வோம். வர்ற வியாழன் நானும் வர்றேன். நான் சொல்ற மாதிரி கேட்டுப் பார்க்கட்டும். தங்கப்பெட்டி நெசமாவே வேற மாதிரி கேட்டா, வளையலை அங்கயே கழட்டிக் குடுத்துடறேன். கேக்கலேன்னா நீங்க டாக்டர்கிட்ட வரணும். வருவீங்களா?”

“வர்றேன்! என் பேரக்குழந்தை மேல ஆணையா வர்றேன்!” என்றார் ஷவ்கி. தோற்கிற கட்சியில் இருப்பதாக அவர் துளியும் நினைக்கவில்லை.

அடுத்த வியாழன் கடையில் ஒரு பெண் கைப்பையோடு வந்து முன்னால் நின்றதும் ஷஹீருக்கு முகம் மாறியது. விஷயத்தைக் கேட்டதும் இன்னும் மாறியது.

“ஹாஜா” என்றார், வயதான பெண்களை அழைக்கிற மரியாதையில். “இது பள்ளிக்கூடப் பரீட்சை இல்ல. அன்னியக் கை பட்டா பெட்டி வாடிப்போகும்.”

“வாங்கிட்டுப் போறவங்க கையெல்லாம் அன்னியக் கைதானே பாஷ்முஹந்திஸ்? அப்ப வீட்டுக்குப் போனதும் வாடிடுமா?”

மஹ்ரூஸ் பெரிதாகச் சிரித்தார். “நல்ல கேள்வி! எங்க கடையில ஆட்டைத் தொட்டுப் பாக்காம யாரும் வாங்கறதில்ல. விடுங்க பாஷா, அம்மா செஞ்சு பாக்கட்டும்.”

அன்று அட்வான்ஸ் கொடுக்க வந்தவர்களே பத்துப் பேர் இருந்தார்கள். மறுத்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? ஷஹீர் கையை விரித்துச் சிரித்தார். “உண்மைக்கு என்ன பயம்! வாங்க ஹாஜா!”

இன்ஸாஃப் முதலில் விசிறியை நிறுத்தினாள். ஷட்டரை இறக்கச் சொன்னாள். “புழுக்கமா இருக்கும், பொறுத்துக்குங்க. கறுப்புக்கும் இதே அமைதி, தங்கத்துக்கும் இதே அமைதி.” டிவியின் சத்தத்தை ஒரு வீட்டில் வைக்கிற அளவுக்கு வைத்தாள். பிறகு ரிமோட்டைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். தன் சால்வையை விரித்து இரண்டு பெட்டிகளையும் மூடினாள்.

“எல்லாரும் எப்பவும் மாதிரி கண்ணை மூடிக்குங்க. நல்லா இறுக்கி. பக்கத்துப் பேப்பரைப் பாக்கக் கூடாது. நான் ஒயரை எடுத்துச் செருகுவேன், அப்ப சத்தம் ஒரு நொடி விட்டு வரும். எப்பல்லாம் தங்கப்பெட்டி பாடுதுன்னு தோணுதோ, கையைத் தூக்குங்க. கறுப்புன்னு தோணினா இறக்கிடுங்க. பாஷ்முஹந்திஸ், நீங்க ஒலி டாக்டர். டிவிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, அவங்க பக்கம் திரும்பி நில்லுங்க. உங்க கையும் வேணும்.”

“உஸ்தாஸ் ஷவ்கி முன்னாடி வரணும்!” என்றார் ஷஹீர். எகிப்தின் சொத்தைத் தனியாக ஒரு நாற்காலியில், எல்லோருக்கும் முன்னால் உட்கார வைத்தார். பெரிய கௌரவம். ஷவ்கி மட்டும் தலையைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் மஹ்ரூஸின் தொண்டை இல்லை.

பாட்டு ஆரம்பித்தது. ஆரம்பித்திருக்க வேண்டும். ஷவ்கிக்கு எங்கோ சுவருக்கு அப்பால் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. ஆனால் அந்தக் கச்சேரி அவருக்கு மனப்பாடம். இளவட்டமாக இருந்தபோது ரேடியோவின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டது. அது அவருக்குள்ளேயே பாட ஆரம்பித்துவிட்டது. வயலின்கள் வந்தன, கானூனின் தந்திகள் வந்தன, பாடகி மூச்சு எடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. கையைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் நடந்ததை இன்ஸாஃப் பிறகு முகத்துக்கு நேராக உட்கார்ந்து சொன்னதிலிருந்துதான் அவர் தெரிந்துகொண்டார்.

முதல் தடவை சத்தம் விட்டு வந்ததும் பாதிக் கைகள் எழுந்தன. “ஆஹா, வந்துட்டா!” என்று முனகினார் மஹ்ரூஸ். இரண்டாம் தடவை விட்டு வந்ததும் எழுந்த கைகள் இறங்கின, இறங்கியிருந்த கைகள் எழுந்தன. “இது கறுப்பு, பல் கூசுது” என்றார் டாக்டர் லபீப். பக்கத்தில் ஒருவர் “அல்லாஹ், அல்லாஹ், தங்கம்!” என்று உருகிக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை நிறையக் கைகள் மேலே போயின. கூட்டத்தையே கண்கொட்டாமல் எண்ணிக்கொண்டிருந்த ஷஹீர் உடனே தன் கையையும் உயர்த்தினார். “இதோ! இதுதான் தங்கம்! கண்ணைக் கட்டிப் பாலைவனத்துல விட்டாலும் நான் இதைக் கண்டுபிடிப்பேன்!”

“போதும்” என்றாள் இன்ஸாஃப். “சோதனை முடிஞ்சது.” ஒயரைப் பிடுங்கி எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள். கடை நிசப்தமானது. எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள்.

ஒருவரைத் தவிர.

முன் நாற்காலியில் ஷவ்கி ஆடிக்கொண்டிருந்தார். கை உயரத்தில் இருந்தது. அவருக்குள் பாடகி அந்தப் பெரிய வளைவுக்கு வந்து சேர்ந்திருந்தாள். ஊமையாகக் கிடந்த கடைக்குள் “அல்லாஹ்! அல்லாஹ்! யா ஸலாம், என்ன குரல்!” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. இன்ஸாஃபின் கையில் ஒயர் தாழ்ந்தது. காது மந்தம் என்று அவளுக்குத் தெரியும். இவ்வளவு தூரம் போய்விட்டது என்று தெரியாது.

ஷஹீர் ஒருவர்தான் அந்த நிசப்தத்தையும் காசாக்கப் பார்த்தார். “பாத்தீங்களா! பாத்தீங்களா! இதுதாங்க காது! ஒயரைப் பிடுங்கினப்புறமும் தங்கப்பெட்டியோட நாதம் காத்துல நிக்குது. நமக்குக் கேக்கல, உஸ்தாஸுக்குக் கேக்குது!”

“நிக்காது பாஷ்முஹந்திஸ்” என்றாள் இன்ஸாஃப். சால்வையை எடுத்தாள். “தங்கப்பெட்டியை நான் தொடவே இல்ல. மூணு தடவையும் ஒயரைக் கறுப்புலேருந்து எடுத்துத் திரும்பக் கறுப்புலயேதான் செருகினேன். நீங்க பாலைவனத்துல கண்டுபிடிக்கிற தங்கம் இந்தச் சோப்புக்கட்டிதான்.”

கை தூக்கியவர்கள் எல்லோரும் தங்கள் கையை யாரோ ஒருவருடையது போலப் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்ப இது என்ன?” என்று மஹ்ரூஸ் எழுந்துவந்து தங்கப்பெட்டியைத் தூக்கினார். இரண்டு உள்ளங்கையிலும் மாற்றி மாற்றிப் போட்டார். “இந்தச் சைஸுக்கு இந்தக் கனமா? எலும்பு போட்டு நிறுத்துற வேலை மாதிரில்ல இருக்கு!” மேசை மேல் கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். ஷஹீர் பாய்ந்தார், டாக்டர் லபீப் குறுக்கே நின்றுகொண்டார். மூடி கழன்றது. உள்ளே ஒரு கறுப்புப் பெட்டி, பக்கத்தில் பசை போட்டு ஒட்டிய ஒரு இரும்புத் துண்டு.

“இரும்பு இருந்தாத்தான் சத்தம் அதிராது...” என்று ஆரம்பித்தார் ஷஹீர்.

“எங்க சத்தம் இப்ப அதிரும், கேளு!” என்றார் மஹ்ரூஸ். முக்காலிகள் உருண்டன. அட்வான்ஸ் கொடுத்தவர்கள் அட்வான்ஸைக் கேட்டார்கள், கொடுக்காதவர்கள் இன்னும் பலமாகக் கேட்டார்கள். ஏற்கெனவே வாங்கிப் போனவர்களில் நாலு பேர் மட்டும் ஷஹீருக்குப் பரிந்து பேசினார்கள். “எங்க வீட்டுல நல்லாத்தாங்க கேக்குது. ஏழு நாள் துணி போட்டு மூடி வெச்சிருந்தோமே!” மொட்டையடித்த பிறகு தலை குளுகுளுவென்று இருக்கிறது என்று சொல்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இந்த அமளிக்கு நடுவில் இன்ஸாஃப் போய்க் கணவரின் தோளைத் தொட்டாள். ஷவ்கி கண்ணைத் திறந்தார். கவிழ்ந்த முக்காலிகளைப் பார்த்தார். பிளந்து கிடந்த தங்கப்பெட்டியைப் பார்த்தார். டிவியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த ஒயரைப் பார்த்தார். தான் இன்னும் தூக்கி வைத்திருந்த கையைப் பார்த்தார். வரிக் கணக்கு போட்ட மூளை அது, கூட்டிப் பார்க்க நேரமாகவில்லை.

அவமானம் காது மடல் வரைக்கும் சிவந்து ஏறியது. இப்படியே எழுந்து வெளியே போய்விடலாம். இனி ஷூப்ராவில் எந்தப் பாட்டுக்கும் வாய் திறக்காமல் இருந்துவிடலாம். பூனை செத்துப்போன குழந்தைக்கு இவர் சொன்ன பதில் ஞாபகம் வந்தது. எழுந்தவர் அப்படியே நின்றார்.

“உஸ்தாஸ், நீங்களாவது சொல்லுங்க” என்று ஷஹீர் கூட்டத்திலிருந்து தலையை நீட்டிக் கெஞ்சினார். “உங்களுக்குக் கேட்டுச்சுல்ல?”

ஷவ்கி அவர் உதடுகளைப் பார்த்துப் படித்துக்கொண்டார்.

“இல்ல” என்றார். “எதுவும் கேக்கல. போன வாரம் கேட்டுச்சு, நீ சத்தத்தைக் கூட்டியிருக்கணும். இன்னிக்குக் கேக்கல. ரெண்டு வருஷமாவே எனக்குச் சரியாக் கேக்கறதில்ல.”

அந்த வாக்கியத்தை அவர் சொல்லி அவரே கேட்பது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு உயிர் போய்விடவில்லை.

இன்ஸாஃபின் பக்கம் திரும்பினார். “நக்லாம்மா, அந்தக் காது டாக்டர் எப்ப இருப்பார்னு கேளு. நாளைக்கே போயிடலாம்.” அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முகத்துக்கு நேராக நின்று தலையாட்டினாள்.

வாசல்வரை போனவர் ஷட்டரைத் தூக்குமுன் திரும்பினார். மஹ்ரூஸ், டாக்டர் லபீப், அட்வான்ஸ்காரர்கள், துணி போட்டு மூடியவர்கள் என்று ஷூப்ராவின் நல்ல காதுகள் எல்லாம் வரிசையாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

“நான் செவிடன். அதனால ஏமாந்தேன், சரி. உங்களுக்கெல்லாம்தான் நல்லாக் கேக்குதே, நீங்க எதனாலய்யா ஏமாந்தீங்க?”